களிமண் பெட்டியில் உண்டிவில்லின் வேகம்

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் கரிசல் மண்ணுக்குப் பஞ்சமில்லை. பிசைந்த மண்ணை ஒரு மரப்பெட்டியில் அடைத்து, தொழுவத்து விட்டத்திலிருந்து 2 மீட்டர் கயிறுகளில் தொங்கவிட்டேன். நான்கு மூலைக்கும் தனித்தனிக் கயிறு. ஒற்றைக் கயிறென்றால், உருண்டை கொஞ்சம் ஓரமாகப் பட்டாலே பெட்டி சுழல ஆரம்பித்துவிடும். பெட்டி 980 கிராம், உண்டிவில்லில் விடும் மண் உருண்டை 20 கிராம். சேர்ந்தால் சரியாக ஒரு கிலோ.

உருண்டை பட்டதும் பெட்டி எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து உருண்டையின் வேகத்தைக் கணக்கிடும் இந்த யோசனை பழையது. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஊசலில் சுட்டு அளந்த முறையை பெஞ்சமின் ராபின்ஸ் 1742-லேயே எழுதி வைத்தார். பெட்டி ஏறும் உயரம் 2 செ.மீ. கூட வராது, அதை அளப்பது வீண் பாடு. அவர் ரிப்பன் கட்டி இழுபட்ட நீளத்தைப் பார்த்தார். நான் தையல் டேப் கட்டினேன். இழுபட்ட நீளத்தை √(g/L) ஆல் (g புவியீர்ப்பு முடுக்கம், L கயிற்றின் நீளம்), அதாவது 2.2 ஆல் பெருக்கினால் மோதிய உடனே பெட்டிக்கு இருந்த வேகம். உந்தம் (நிறை × வேகம்) மாறாததால் உருண்டையின் வேகம் அதைப்போல் 50 மடங்கு. ஆக, டேப்பில் 1 செ.மீ. என்றால் விநாடிக்கு 1.1 மீட்டர்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பெட்டியைச் சும்மா இருக்க விடாது. விடியற்காலையில்தான் வேலை ஆயிற்று. நல்ல இழுப்புக்கு 27 செ.மீ. வந்தது: விநாடிக்கு 30 மீட்டர், மணிக்கு 108 கிலோமீட்டர்!

பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகன் விடவில்லை. “ஏனுங்க சித்தப்பா, பாதி எம் வி ஸ்கொயரை நேரா எம் ஜி எச்-க்குச் சமமாப் போட்டா ஆகாதுங்களா?” உருண்டையின் இயக்க ஆற்றல் முழுதும் பெட்டியை உயர்த்துவதற்கே போனதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான். போடச் சொன்னேன். விநாடிக்கு 4.2 மீட்டர் வந்தது. அந்த வேகத்தில் நேர் மேலே விட்டால் உருண்டை ஒரு மீட்டர்கூட ஏறாது. இவனோ அதே உண்டிவில்லில் தென்னை உச்சியைத் தாண்டி விடுகிறவன். மண்ணில் புதையும்போதே 9 ஜூலில் 98 சதவீதம் நசுங்கலிலும் சூட்டிலும் போய்விடுகிறது. ஒட்டிக்கொள்ளும் கணத்துக்கு உந்தம், அதற்கப்புறம் ஊசல் ஏறுவதற்குத்தான் ஆற்றல். இந்த இடத்தில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டால் இப்படி மோதி ஒட்டிக்கொள்ளும் மீட்சியற்ற மோதல் கணக்கில் பாதி முடிந்தது.

இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒவ்வொரு முறையும் ஒட்டிய மண்ணைக் கிள்ளி எடுக்காவிட்டால் பெட்டி கனத்துக்கொண்டே போகும். காய்ந்த உருண்டை ஒட்டாமல் தெறித்துத் திரும்பினால் பெட்டிக்குக் கூடுதல் உந்தம் போகிறது, டேப்பும் கூடுதலாக நீள்கிறது. அந்த அளவைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

சரி, 30 மீட்டர் உண்மைதானா? 1.25 மீட்டர் உயரத்திலிருந்து கிடைமட்டமாக, அதே இழுப்பில், ஆளில்லாத வரப்போரம் விட்டோம். தரையில் விழ அரை விநாடி. காற்றுத் தடை இல்லையென்றால் 15 மீட்டர் போகணும். 14-ஐ ஒட்டி விழுந்தது.