பதினோராவது தலை

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ‘ஹோம் அலோன்’ ஓடியே தீர வேண்டும். 1990 நவம்பரில் அமெரிக்காவில் வெளியாகி, தொடர்ந்து பன்னிரண்டு வாரங்கள் அந்நாட்டு வசூலில் முதலிடத்தில் இருந்த படம் அது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும், வீட்டில் தனியாக மாட்டிக்கொண்ட சிறுவன் திருடர்களுக்கு வைக்கும் பொறிகளான, கயிற்றில் ஆடி வந்து முகத்தில் மோதும் பெயிண்ட் டப்பாக்களையும், பழுக்கக் காய்ந்த கதவுக் குமிழையும், மேலிருந்து திருடனின் முகத்தில் விழும் இஸ்திரிப் பெட்டியையும்தான் நினைவுகூர்வார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அந்த அடிதடி கடைசிப் பகுதியில் மட்டுமே வருகிறது. முடிவு தெரிந்த பிறகும் இந்தப் படம் அலுக்காமல் இருப்பதற்குக் காரணம், தொடக்கத்தில் அது போடும் ஒரு தப்புக் கணக்கு என்று நினைக்கிறேன்.

பெற்ற தாய் எட்டு வயது மகன் கெவினை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பாரிசுக்கு விமானம் ஏறுகிறாள் என்பதை யார் நம்புவார்கள்? திரைக்கதை எழுதிய ஜான் ஹியூஸ் இந்தக் கேள்விக்கு அஞ்சியதாகத் தெரியவில்லை. முந்தைய இரவு பீட்சாவுக்காக நடக்கும் சண்டையில் பால் கொட்டுகிறது; அதைத் துடைக்கும் அவசரத்தில் கெவினின் விமானச் சீட்டும் நனைந்த காகிதங்களோடு குப்பைக்குப் போகிறது. சண்டைக்குத் தண்டனையாக அவனை மேல்மாடி அறைக்கு அனுப்புகிறார்கள். இரவு வீசும் காற்றில் மின்சாரம் தடைபட்டு, அலாரம் அடிக்காமல் போகிறது. விடிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு கிளம்பும் வேளையில், பெரிய பெண் ஒருத்தி வேனருகே நின்று பிள்ளைகளின் தலைகளை எண்ணுகிறாள். பெட்டிகளைக் குடைந்துகொண்டிருக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவனின் பின்னந்தலையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட, பதினொன்று சரியாக வருகிறது. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும், எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஓர் ஆளைக் காணோம் என்று அழுதார்கள். இங்கே அதற்கு நேர்மாறாக, வேற்றாள் ஒருவனைச் சேர்த்து எண்ணியதால் ஒருவரும் அழவில்லை. விமானத்தில் பெரியவர்கள் முதல் வகுப்பிலும் பிள்ளைகள் பின்னாலும் அமர்வதால், தவறு தெரிய வந்திருக்கக்கூடிய கடைசி இடமும் அடைபட்டுப் போகிறது. எதையோ மறந்துவிட்டோம் என்று மனைவி தவிக்கும்போது, கார் கொட்டகையின் கதவைச் சாத்தாமல் வந்ததைத்தான் கணவர் நினைத்துக்கொள்கிறார். ஒருவருடைய அலட்சியம் என்று சுட்டிக்காட்ட இயலாதபடி எல்லாம் பின்னப்பட்டிருப்பதால்தான், அம்மாவாக நடிக்கும் கேத்தரின் ஓ’ஹாரா மகனின் பெயரைச் சொல்லி அலறும்போது நம்மால் அவர் பக்கம் நிற்க முடிகிறது.

தனித்து விடப்பட்ட பிறகு கெவின் செய்வதும் கவனிக்கத் தக்கது. ஐஸ்கிரீமும் கட்டில்மேல் குதிப்பதும் விரைவில் தீர்ந்து போகின்றன. அவன் துணி துவைக்கிறான், கடைக்குப் போகிறான். பல்பொருள் அங்காடிக் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். பால், ஆரஞ்சுச் சாறு, சலவைத்தூள், கழிப்பறைத்தாள், அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் படைவீரர் பொம்மைகள். செய்தித்தாளில் வந்த தள்ளுபடிச் சீட்டையும் மறக்காமல் நீட்டுகிறான். தனியாகவா வந்திருக்கிறாய் என்று கேட்கும் பணியாளருக்கு, எட்டு வயதுப் பையன் தனியாகவா கடைக்கு வருவான் என்ற தோரணையில் பதில் சொல்கிறான். இத்தனை பெரிய மனிதத்தனத்தோடு இரு கைகளிலும் பைகளைச் சுமந்து வீட்டுக்கு நடக்கையில், இரண்டின் அடிப்பகுதியும் கிழிந்து எல்லாம் தரையில் சிதறுகின்றன. அவன் அழவில்லை; ஒரு பெருமூச்சு விடுகிறான், அவ்வளவுதான். மெக்காலே கல்கினுக்கு அப்போது ஒன்பது, பத்து வயதுதான் இருக்கும். இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் அந்த முகத்தை நம்பி நீண்ட நேரம் வேறு துணையின்றிப் படத்தை நடத்தியிருப்பது சின்னத் துணிச்சல் அல்ல. (திருடனாக வரும் ஜோ பெஸ்கி, அதே ஆண்டு வெளியான ஒரு ரத்தக்களரியான படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். இது குழந்தைகள் பார்க்கும் படம் என்பதால், வாய்வரை வந்த வசவுகளை அவர் மென்று விழுங்கி முணுமுணுக்கும் அழகுக்கு இன்னொரு விருது தந்திருக்கலாம்.)

கணக்கில் விடுபட்டவன் கெவின் மட்டும் அல்லன். ஊர்ப் பிள்ளைகள் கொலைகாரன் என்று கதை கட்டிவிட்ட பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி, தேவாலயத்தில் அவனருகே வந்து அமர்கிறார். மகனோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனதால், பேத்தி பாடுவதைக் கேட்க அவர் இப்படி ஒளிந்து வர வேண்டியிருக்கிறது. மகனைத் தொலைபேசியில் அழைக்க உங்களுக்குப் பயமா என்று எட்டு வயதுக்காரன் கேட்கிறான். பின்னணியில் சிறுவர் பாடல் குழு பாடிக்கொண்டிருக்க, நகைச்சுவைப் படம் ஒன்று சில நிமிடங்களுக்குத் தன் வேலையை மறந்து அமைதியாகிறது. ஜான் வில்லியம்ஸின் இசை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதில் வியப்பில்லை.

அம்மாவின் பயணத்தை நான் பல ஆண்டுகள் சரியாகக் கவனிக்கவில்லை. பிறரிடம் காதணியைக் கொடுத்துக் கெஞ்சி விமானத்தில் இடம் பிடித்து, அமெரிக்காவின் ஸ்கிராண்டன் நகரம் வரை வந்து சிக்கிக்கொள்ளும் அவர், நடிகர் ஜான் கேண்டியின் போல்கா இசைக்குழுவோடு வாடகை வண்டியில் இரவு முழுதும் வீடிருக்கும் சிகாகோவை நோக்கிப் பயணம் செய்கிறார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தன் பிள்ளையைச் சவ அடக்க நிலையத்தில் நாள் முழுதும் விட்டுவந்த கதையைக் கேண்டி விவரிக்கிறார். ஆறேழு வாரத்தில் பையன் மறுபடி பேசத் தொடங்கிவிட்டானாம். இவ்வளவு பாடுபட்டு அவர் வீடு சேர்ந்து மகனை அணைத்துக்கொண்ட சில நிமிடங்களில், மற்ற அனைவரும் அவர் காத்திருக்க மறுத்த அதே காலை விமானத்தில் வந்து, சாவகாசமாக வாசலில் நுழைகிறார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காகவே அவர் அத்தனை தூரம் அலைந்திருக்கிறார். இதைவிட நேர்த்தியான நகைச்சுவை படத்தில் வேறில்லை என்பேன்.

ஜன்னலுக்கு வெளியே மார்லி பேத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கெவின் கையசைக்கிறான், அவரும் பதிலுக்குக் கையசைக்கிறார். மாடியிலிருந்து அண்ணன், தன் அறையை என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று கத்துகிறான். கெவின் ஓட்டம் பிடிக்கிறான்.