மஞ்சூர் நாட்குறிப்பு: எந்தப் பிரிவு எடுப்பது?

மே 28

கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90. கணிதத்தை முழுசாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் கட்-ஆஃப் 200க்கு 181. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்ததால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் எனக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும். இதைக் கேட்டபிறகுதான் அம்மா சரியாகச் சாப்பிட்டாள்.

இனி இன்ஜினியரிங்கில் எந்தப் பிரிவு என்பதுதான் கேள்வி. சென்னைச் சித்தப்பா போனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். என் மனசு ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) பக்கம்.

ஜூன் 9

ராத்திரி முழுக்கக் காற்று. கற்பூர மரக்கிளை லைன் மேல் விழுந்து மின்சாரம் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்று மட்டும் போய்விட்டது. அப்பா வேலை செய்யும் டீ ஃபேக்டரியில் இலை வாட்டும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஓடுகிற மோட்டார் மூன்று பேஸில் ஒன்று போனதும் நின்றுவிடாது. உறுமிக்கொண்டே மீதி இரண்டில் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடேறி உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். நேற்று, கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்க வைக்கும் ரிலே ட்ரிப் ஆகி மோட்டாரைக் காப்பாற்றியது.

"நீ சொல்ற படிப்புல இதெல்லாம் வருமா?" என்று அப்பா கேட்டார். வரும்ப்பா என்றேன். இந்த மாதிரிப் பாதுகாப்புக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

ஜூன் 15

மாமா வந்திருந்தார். பவர்ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பேசவிட்டால் நேரம் போவதே தெரியாது.

எங்கள் நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு அணைத் தண்ணீர் குந்தா பாலம் பவர்ஹவுஸில் 60 மெகாவாட் கொடுத்துவிட்டு, கெத்தைக்கு இறங்கி 175, பரளியில் 180, கடைசியாக பில்லூரில் 100 மெகாவாட் கொடுக்கும். "கீழ்நாட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாலு எடத்துல வேலை வாங்கிடுவோம்மா" என்றார். இந்த வேலை 1960லிருந்து நடக்கிறது. பைக்காரா பவர்ஹவுஸ் அதற்கும் முன்னால், 1932லேயே வந்துவிட்டது.

அப்புறம் பேச்சு இப்போது கட்டிவரும் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டத்துக்குப் போனது. மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி–எமரால்டு. கரண்ட் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றும்போது மோட்டாராகச் சுற்றும் இயந்திரமே இறக்கும்போது எதிர்த்திசையில் சுற்றி ஜெனரேட்டராகிவிடும்! சோலாரும் காற்றாலையும் பெருகப் பெருக இப்படிச் சேமித்து வைக்கிற இடங்கள் இன்னும் வேண்டும். வெயில் எப்போது அடிக்கும், காற்று எப்போது வீசும் என்பது நம் கையில் இல்லை, ஆனால் கிரிட்டின், அதாவது மின்கட்டமைப்பின், அதிர்வெண் மட்டும் எப்போதும் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைக்கிற ஆட்களில் ஒருத்தியாக இருக்க எனக்கு ஆசை. நம் மலையில் இவ்வளவு நடக்கும்போது நான் வேறு எதைப் படிப்பது?

ஜூன் 29

பாடத்திட்டத்தை உட்கார்ந்து படித்தேன். வயர், ஸ்பேனர் என்று நினைத்து வருகிறவர்கள் திணறிப்போவார்கள், அவ்வளவு கணக்கு. சர்க்யூட், மின்காந்தப் புலம், மெஷின்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ், பவர் சிஸ்டம்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில் கால்குலஸும் கலப்பெண்களும் (காம்ப்ளெக்ஸ் நம்பர்கள்). கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

"பொம்பளப் புள்ள கம்பத்துல ஏறணுமா?" என்று அம்மா பயந்தாள். டிசைன், ரிலே செட்டிங், சப்ஸ்டேஷன், கன்ட்ரோல் ரூம் என்று இன்ஜினியரின் வேலை எப்படியெல்லாம் இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். கம்பம் ஏறுகிற லைன்மேன் அண்ணன்கள் இல்லையென்றால் இந்த மழையில் நமக்கு விளக்கே எரியாது என்பதையும் சொன்னேன்.

சித்தப்பாவின் கவலை நியாயமானது. கேம்பஸுக்கு வருவதில் நிறைய சாஃப்ட்வேர் கம்பெனிகள்தான், மின்துறைக் கம்பெனிகள் குறைவு. ஆனால் ட்ரிபிள் ஈ படித்தவர்கள் சாஃப்ட்வேருக்குப் போவது சாதாரணமாக நடக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு மின்மாற்றியை டிசைன் செய்யப் போவது அவ்வளவு சுலபமில்லை. மேற்படிப்புக்கான கேட் தேர்வையும் எலக்ட்ரிக்கல் தாளிலேயே எழுதலாம்.

ஜூலை 18

கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்திக் கொடுப்பது. நாம் கொடுக்கும் வரிசையில் நம் ரேங்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைத்தான் ஒதுக்குவார்கள். அதனால் கிடைக்குமா என்று யோசிக்காமல் ஆசைப்பட்ட வரிசையிலேயே போட்டேன். முதலில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடியில் ட்ரிபிள் ஈ. அடுத்து சேலம், ஈரோடு அரசுக் கல்லூரிகளில் அதே பிரிவு. அதற்குப் பிறகு கோவையைச் சுற்றியுள்ள கல்லூரிகள், பெயரை விட மெஷின்ஸ் லேப் எப்படி என்று விசாரித்து எழுதியவை. வேறு பிரிவு எதுவும் பட்டியலில் இல்லை.

சித்தப்பாவிடம் நானே போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, பைத்தானை மட்டும் விட்றாத" என்றார். கம்ப்யூட்டர் நிரல் எழுதும் மொழி அது, விடமாட்டேன். மாமாவோ, முதல் செமஸ்டருக்குள் கலப்பெண்களைத் தண்ணிபட்ட பாடாக்கிவிடச் சொல்லியிருக்கிறார்.