30-க்கு 28 வாங்கினாலும் விடாதீர்கள்

என் மனைவி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கேட்டதையே திரும்பக் கேட்பது, பழகிய கடையில் மீதிச் சில்லறை எண்ணத் திணறுவது என்று ஆரம்பித்தது. முதலில் பார்த்த டாக்டர், "வயசானா இப்படித்தான் சார்" என்றார். நான் விடாமல் கேட்ட பிறகு 30 மதிப்பெண் ஞாபகச் சோதனை வைத்தார். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. 28 வாங்கினாள். போன இரண்டும், சற்று முன் சொன்ன மூன்று வார்த்தைகளைத் திரும்பச் சொல்லும் இடத்தில் போனவை. அதை அவர் கவனிக்கவே இல்லை. 'நார்மல்' என்று எழுதி, தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்து அனுப்பினார். அது மறதியைக் கூட்டக்கூடிய மாத்திரை என்று பின்னால் பார்த்த நரம்பியல் டாக்டர் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நன்றாகப் படித்தவர்கள் இந்தச் சின்னச் சோதனையில் தேறிவிடுவது சகஜம். விரிவான சோதனை வேண்டும், தமிழிலேயே வேண்டும் என்று கேளுங்கள். என்னென்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று ஒரே தாளில் தேதியோடு எழுதி, உள்ளே போவதற்கு முன்பே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். அவளை வைத்துக்கொண்டே அவள் தடுமாற்றங்களை என்னால் அடுக்க முடியவில்லை. அந்தத் தாள்தான் பேசியது.

பி12, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. எம்.ஆர்.ஐ.யில்தான் ஒரு நாள் வீண். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டை மட்டும் கொடுத்தார்கள். அதில் மூளையில் 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று ஒரே வரி. நரம்பியல் டாக்டருக்குப் படமே வேண்டுமாம், திருப்பி அனுப்பிவிட்டார். சிடியைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். அவர் படத்தில் ஹிப்போகாம்பஸை, அதாவது மூளையில் ஞாபகத்துக்கான பகுதியைப் பார்த்து, சுருக்கம் வயதுக்கு அதிகம் என்றார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆரம்பநிலை அல்சைமர் என்றார்.

அமிட்ரிப்டிலினை நிறுத்தியதுமே பகல் மந்தம் குறைந்தது. இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு மறதிக்கான டோனெபெசில் 5 மி.கி. ஆரம்பித்தார். அது நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால்தான் இசிஜி. நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் சமாளிக்க உதவும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

அப்புறம் உடனே பேங்க் வேலை. பவர் பத்திரம் இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவு இழந்தால் நம் சட்டப்படி அது செல்லாது. கணக்குகளை இருவரில் யாரும் இயக்கும்படி மாற்றினோம், நாமினி போட்டோம், உயில் எழுதினோம். எல்லாவற்றையும் அவளே படித்து, கேள்வி கேட்டு, ஒரு இடத்தில் வக்கீலின் தப்பையும் திருத்தித்தான் கையெழுத்துப் போட்டாள்.