ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு கணக்கு நோட்டு

ஏஐ ஓவியம், சுவர் முழுக்க ஒளி பாய்ச்சும் கண்காட்சி என்று, கலையும் அறிவியலும் சேர்வதைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒன்றுக்கு மால் ஒன்றில் நல்ல காசு கொடுத்துப் போனேன். ஓடும் பூக்களுக்கு முன்னால் செல்ஃபிக்கு வரிசை. அறிவியல் எங்கே என்று தேடினால் புரொஜெக்டருக்குள் மட்டும்தான் இருந்தது. அந்த எரிச்சலோடுதான் ஞாயிற்றுக்கிழமை சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கிளம்பினேன்.

திருவான்மியூரில் மாமல்லபுரம் பேருந்து ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினால் போதும். ஈசிஆர் நெரிசலைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, உங்களுக்கே தெரியும். உள்ளே நுழைந்தால் மரநிழல். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய இடம். இங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயமேற்றுவது) கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு முன்னால்தான். 1963-இல் தொடங்கிய வரிசை இது. வெளிறிய பரப்பில் ஜாதகக் கட்டம் மாதிரிக் கோடுகள், இயற்கணிதக் குறிகள், எறும்பு ஊர்வதுபோல் பொடிப்பொடியான எழுத்து. மலையாளம் போலிருக்கிறது, ஆனால் வாசிக்க வராது. ஓவியப் பள்ளியில் சேருமுன் பணிக்கர் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். நாளெல்லாம் புள்ளியும் கோடுமாகச் செய்தி போகும் இடத்தில் இருந்த மனிதருக்குக் குறியீட்டின் மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை. இது என் ஊகம்தான்.

பக்கத்தில் இரண்டு இன்ஜினியரிங் மாணவர்கள். “இடதுபக்கம் எக்ஸ் இருக்கு, வலதுபக்கம் மீனு இருக்கு, எப்படிடா சால்வ் பண்றது?” என்றான் ஒருவன். மற்றவன் சிரிக்கவில்லை, படத்துக்கு இன்னும் கிட்டே போனான். அந்த மால் கண்காட்சியில் யாரும் எதற்கும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. கணக்கைப் படம் பாதியில் விட்டுவிடுகிறது, மிச்சத்தை நாம் போடத் தொடங்கிவிடுகிறோம்.

அப்புறம் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள். பணிக்கரின் மகன், இயற்பியல் படித்தவர், 2017-இல் காலமானார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை மெழுகில் வடித்து வார்த்தார்கள். இவரோ செம்பு, பித்தளைத் தகடுகளை வெட்டி வெல்டிங் வைத்து இணைத்தார். பட்டறைத் தொழில்நுட்பம் அப்படியே கோயில் வாகனத்தின் சாயலுக்குள் வந்துவிடுகிறது. முன்பக்க அழகை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். வழியிருந்தால் பின்னால் போய், தகடும் தகடும் சேருமிடத்தில் உருகி உறைந்திருக்கும் தடிப்பைப் பாருங்கள். கை எங்கே நிதானித்தது, எங்கே அவசரப்பட்டது என்பது தெரியும்.

வெளியே நிற்கும் கருங்கல் சிற்பங்களை வெயிலுக்குப் பயந்து அரைகுறையாகத்தான் பார்த்தேன். காலையிலேயே போய்விடுவது நல்லது.