கணக்கு சாரின் டிரேசிங் தாள்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னால் கூடப் படித்தவர்கள் விளையாட்டு விழாவை எழுதுவார்கள். வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்ற மாங்காயை எழுதுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது பதினோராம் வகுப்பு மடக்கை வரைபடப் பாடம். 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் வருமோ, அந்த அடுக்கே அதன் மடக்கை, அதாவது லாக்.

தாள் பறக்கும் என்று கணக்கு சார் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சென்னையின் ஜூலைப் புழுக்கத்தில் அதற்கே பாதி வகுப்பு முறைத்தது. மடக்கை அட்டவணையைப் பார்த்துப் புள்ளி வைத்து, லாக் எக்ஸ் கோட்டை வரைந்தோம். குறுக்கே 1 செ.மீ.க்கு 1, நெடுக்கே 10 செ.மீ.க்கு 1. பிறகு அதையே டிரேசிங் தாளில் படியெடுத்தோம்.

முதலில் லாக் (எக்ஸ் − 3). கழித்தல் குறி இருக்கிறதே, இடப்பக்கம்தானே போக வேண்டும் என்றான் ஒருவன். "உள்ளே 1 வர எக்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும், சொல்லுடா?" என்றார். 4. தாள் வலப்பக்கம் 3 கட்டம் நகர்ந்தது. கோடு நெருங்கும், ஆனால் ஒருபோதும் தொடாத செங்குத்துச் சுவரும் 0-இலிருந்து 3-க்குக் குடிபெயர்ந்தது. கிடையச்சை ஒட்டித் தாளைப் புரட்டினால் மைனஸ் லாக் எக்ஸ். நிலையச்சை ஒட்டிப் புரட்டினால் லாக் (−எக்ஸ்).

இவை எந்தக் கோட்டுக்கும் நடப்பவைதான். அடுத்து வந்த லாக் 2எக்ஸ்தான் விசேஷம். கோட்டைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்க வேண்டும். தாளை எப்படி நெருக்குவது? சார் அலட்டிக்கொள்ளாமல் தாளை 3 செ.மீ. மேலே தள்ளினார். புதிதாகக் குறித்த புள்ளிகள் அனைத்தின் மேலும் பழைய கோடு பிசகாமல் உட்கார்ந்தது. உள்ளே பெருக்கினால் வெளியே கூடுகிறது; லாக் 2 என்பது 0.3010, எங்கள் தாளில் 3 செ.மீ. அலை போல் ஏறி இறங்கும் சைன் கோட்டை எப்படித் தள்ளினாலும் சைன் 2எக்ஸ் கிடைக்காது. 1614-இல் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டதே பெருக்கல் சுமையைக் கூட்டலாகக் குறைக்கத்தான். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான். லாக்கின் அடிமானத்தை 10-இலிருந்து 2 ஆக்கினால் மட்டும் தாள் கைவிட்டுவிடும்; உயரங்கள் சுமார் 3.32 மடங்கு நீள வேண்டுமே.

இப்போது எனக்குச் சாலை இரைச்சலை அளக்கும் வேலை. ஒரு லாரி ஓடிய இடத்தில் அதே போல் இரண்டு ஓடினால் கருவியில் ஏறுவது 3 டெசிபல்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கருவி பழுது என்பார்கள். டெசிபலும் லாக் கணக்குதான் என்று கோட்டை வரைந்து மேலே தள்ளிக் காட்டுவேன். பத்து லாரிக்கு 10 டெசிபல் என்று பிறகு அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.