ஈரல் கொழுப்புக்குச் சர்க்கரை நோய் மருந்தா?

ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' (ஈரலில் கொழுப்பு) என்று வந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் தன் மனைவியின் மெட்ஃபார்மினை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை மருந்து ஈரல் கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள்.

கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை, எந்த மருந்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு அருமையான மருந்து, ஆனால் கொழுப்பால் ஈரலில் வரும் அழற்சியையோ, அதனால் விழும் தழும்பையோ அது சரிசெய்வதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பயோகிளிட்டசோன் என்ற இன்னொரு சர்க்கரை மருந்து அழற்சியைக் குறைக்கும், கூடவே எடை ஏறும், கால் வீங்கும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகவே ஆகாது. இப்போது எல்லோரும் பேசுவது செமாக்ளுடைட், சர்க்கரைக்கும் எடைக்கும் கொடுக்கும் மருந்து, வாரம் ஒரு ஊசி. 72 வார ஆய்வில் இதைப் போட்டவர்களில் சுமார் 63 சதவீதம் பேருக்குத் தழும்பு மோசமாகாமல் அழற்சி அடங்கியது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 34 சதவீதம்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதியும் கொடுத்தது, அதுவும் தழும்பு நடுத்தரம் முதல் முற்றிய நிலைவரை உள்ளவர்களுக்கு மட்டும். தழும்பு முழுக்கப் பரவி ஈரல் இறுகிப்போன சிரோசிஸ் வந்தவர்களுக்கு இல்லை.

சாதாரண ஸ்கேன் சொல்லும் கிரேடு கொழுப்பின் அளவுதான், தழும்பை அது காட்டாது. வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் பிளேட்லெட், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (ஈரல் நொதிகள்) நான்கையும் வைத்து, தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று சொல்லும் ஃபிப்-4 கணக்குப் போடலாம், தேவைப்பட்டால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். முதலில் அதை டாக்டரிடம் கேளுங்கள், மருந்துப் பேச்சு அப்புறம்.