முந்தின நாள் வண்டி எங்கே போனது?

மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. "காலையில ஸ்டார்ட் பண்ணினா என்ஜின் உதறுது" என்று குன்னூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் வண்டிகள் வரும். மலை இறங்கி வந்து சேரும்போது என்ஜின் சூடாகிவிட்டிருக்கும். இங்கே செல்ஃப் அடித்தால் எந்தக் குறையும் தெரியாது. முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் கோளாறைப் பார்க்க வண்டி ஒரு ராத்திரி நின்று ஆற வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒன்றை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் விடை மறுநாள் காலையில்தான் கிடைக்கும். அதனால் இந்த மாதிரி வண்டிகளில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் நிறையப் பேசுவேன்.

குன்னூரிலிருந்து வந்த ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் வண்டி இதற்கு நல்ல உதாரணம். நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். காலையில் அரை நிமிஷம் போல நடுங்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பிளக், காயில் எல்லாம் வேறு இடத்தில் மாற்றியாகிவிட்டது, இன்ஜெக்டரும் கிளீன் பண்ணியாகிவிட்டது. அப்படிச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கோளாறுக்கு வழக்கமான காரணங்கள் அவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பென்ஷன் பணத்திலிருந்து அவர் கொடுத்திருந்தார், உதறல் மட்டும் போகவில்லை.

ஸ்கேனரைப் போட்டதும் பி0302 என்று கோட் வந்தது. இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. எந்த சிலிண்டர் என்று ஸ்கேனர் சொல்லிவிடும். ஏன் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"தினமும் காலையில இப்படித்தான் இருக்குங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. கோயம்புத்தூர் போயிட்டு வந்தா மறுநாள் காலையில உதறும். மார்க்கெட்டுக்கு மட்டும் போயிட்டு வந்தா நல்லாவே இருக்கு."

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன். குளிர்தான் காரணம் என்றால் மார்க்கெட் போன மறுநாளும் உதற வேண்டும். மலை ஏறி வந்த வண்டியில் மட்டும் உதறல் வருகிறதென்றால், கவனிக்க வேண்டியது காலைக் குளிரை அல்ல, முந்தின நாள் சூட்டை. ஏற்றத்தில் என்ஜின் நன்றாகச் சூடாகும்போது கூலிங் சிஸ்டத்தில் அழுத்தம் ஏறும். என்ஜினை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் வெகுநேரம் இருக்கும். சிலிண்டர்களுக்கு மூடி போல இருக்கும் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அதில் மிகச் சின்ன கசிவு இருந்தால் போதும், தண்ணீர் மெதுவாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காலையில் அந்த சிலிண்டர் ஈரத்தோடு எழும், பிளக் சரியாகப் பொறி விடாது. தண்ணீர் ஆவியாகி வெளியே போனதும் என்ஜின் சீராகிவிடும். "ரேடியேட்டர்ல தண்ணி குறையுதுங்களா?" என்று கேட்டேன். அவ்வப்போது ஊற்றுவதாகச் சொன்னார். வெறும் தண்ணீர்.

சந்தேகத்தை நம்பி ஹெட்டைக் கழற்றக் கூடாது. வண்டியை விட்டுப் போகச் சொன்னேன். சாயங்காலம் குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் வரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி, சூட்டோடு நிறுத்தினோம். காலையில் செல்ஃப் அடிக்காமல் முதலில் நாலு பிளக்கையும் கழற்றினோம். இரண்டாவது மட்டும் நனைந்திருந்தது. கூட வேலை செய்யும் பையன், "அண்ணே, இன்ஜெக்டர் ஒழுகுதோ?" என்றான். நியாயமான கேள்விதான், இன்ஜெக்டர் ஒழுகினாலும் பிளக் நனையும். முகர்ந்து பார்க்கச் சொன்னேன், பெட்ரோல் வாசனையே இல்லை. பிளக் இல்லாமலே என்ஜினைச் சுற்றவிட்டபோது இரண்டாம் துளையிலிருந்து தண்ணீர் சாரலாகத் தெறித்தது. கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் மற்ற மூன்று பிஸ்டன்களின் தலையிலும் கரி படிந்திருந்தது, இரண்டாவது மட்டும் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தது. உதறிய ஒவ்வொரு காலையும் நீராவி அதைக் கழுவியிருக்கிறது. கடைசியாக ரேடியேட்டரில் பம்ப் மாட்டி 1 பார் அழுத்தம் ஏற்றினோம். முள் மெல்ல இறங்கியது. வெளியே எங்கும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அப்படியென்றால் தண்ணீர் என்ஜினுக்கு உள்ளேதான் போகிறது.

போனில் டீச்சரிடம் விஷயத்தை முழுதாகச் சொன்னேன். செலவு கூடுதல்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாத வேலை. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் ஒரு நாள் அதிகமாகத் தேங்கிய நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம்.

ஹெட்டைக் கழற்றினோம். இரண்டாம் சிலிண்டரை ஒட்டிய தண்ணீர்த் துளையின் ஓரத்தில் கேஸ்கட் அரித்துப் போயிருந்தது. நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் ஹெட்டும் கொஞ்சம் கோணியிருந்தது. பல பெட்ரோல் என்ஜின்களில் 0.05 மி.மீ.க்கு மேல் கோணல் இருக்கக் கூடாது. கோயம்புத்தூர் லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து, அதாவது அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி, வாங்கினோம். புது கேஸ்கட், புது ஹெட் போல்ட். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில்தான் முறுக்க வேண்டும். கை அளவு தெரியும் என்று சிலர் ரெஞ்சைத் தொடுவதே இல்லை. என் ஒர்க்‌ஷாப்பில் ஹெட் வேலைக்கு அதை அனுமதிப்பதில்லை.

வெறும் தண்ணீரைப் பற்றியும் டீச்சரிடம் பேசினேன். ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் ராத்திரிகளில் அது உறைந்து விரியும், அலுமினியத்தையும் அரிக்கும். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றினால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, அரிப்பும் கட்டுப்படும், கொதிநிலையும் ஏறும். மலை ஏறும் வண்டிக்கு இது அவசியம்.

மறுபடி பர்லியார் வரை ஏற்றி இறக்கி, ராத்திரி நிறுத்தி, காலையில் டீச்சரையே வரவழைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நாலு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்தன. டேங்கில் கூலண்ட் மட்டத்துக்கு நேராக மார்க்கரில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். கோயம்புத்தூர் போய் வந்த மறுநாள் காலையில், செல்ஃப் அடிப்பதற்கு முன்னால், அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணச் சொன்னேன். பண்ணினார். மட்டம் கோட்டிலேயே இருந்தது.